பதினான்கு மாதத் தொலைவு

இடியாப்பம் பிழிய இரண்டு பேர் வேண்டும். அன்று காலை அச்சை அழுத்தியது என் கணவர் அருமைநாதன். தட்டைச் சுழற்றியது நான். பாசியிலிருந்து எடுக்கும் மாவு அரிசி மாவைப் போல வராது. பாதியில் அறுந்து அறுந்து விழும்.

"மாவு கெட்டியா இருக்கு மரகதம்."

"மாவெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க நின்னு அமுக்குங்க."

வாசலில் காலணிக்கு வார் போட்டுக்கொண்டிருந்த அவர் தங்கை தவமணி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எங்க அண்ணன் துளைபோடுற யந்திரத்துக்கு வாக்கப்பட்டு பதினோரு வருசமாச்சு மதினி. இனி கையால ஒரு வேலையும் ஓடாது."

பன்னிரண்டு இடியாப்பத்தை எடுத்து, சர்க்கரை தூவி, மறுகரையாரின் கிண்ணத்தில் அடுக்கினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"அவங்களுக்குப் பன்னெண்டு. எனக்கு மூணு. நல்லாருக்கு."

மூச்சுவிடும் காற்றுப்பையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

எங்கள் குடியேற்றத்தின் பெயர் எட்டாந்துரவு. அந்தச் சின்ன நிலவின் பனிக்கட்டிக்குள் தோண்டிய எட்டாவது கிணறு என்பதால் அந்தப் பெயர். ஒரே நீளக் கூரைக்குள் இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தோம். கூரைக்கு வெளியே என்றோ வற்றிய ஓர் ஆற்றின் படுகை. அதன் நடுவில் வரிசையாக எல்லைக் கற்கள். கற்களுக்கு அப்பால் இருந்தவர்களைத்தான் மறுகரையார் என்போம். பேரரசின் தாள்களில் அவர்களுக்கு ஒரு நீளமான எண் இருந்தது. இடுப்புயரம் இருப்பார்கள். நனைந்த சாக்கு ஒன்று தானே நகர்ந்தால் எப்படியிருக்குமோ அப்படி நகர்வார்கள். குரல் கிடையாது.

கூரையின் வெளிக்கதவுக்கு மேல் எல்லைப்படையின் பலகை தொங்கும். பேசாதே, கொடுக்காதே, வாங்காதே. காரணம் போட்டிருக்காது. மீறினால் என்ன தண்டனை என்றும் போட்டிருக்காது. காரணம் சொல்லாத சட்டத்தை மனிதர்கள் எவ்வளவு மதிப்பார்களோ அவ்வளவு மதித்தோம். யாராவது பார்க்கும்போது நன்றாக மதித்தோம்.

அந்த இடியாப்பக் காலைக்கு ஆறு மாதம் முன்பு எங்கள் பம்பு ஒன்பது நாள் ஓடவில்லை. பத்தாம் நாள் காலையில் எல்லைக் கல்லின்மேல் ஒரு கிண்ணம் இருந்தது. சாம்பல் நிறம், முட்டையோடு மாதிரி எடையே இல்லாதது. உள்ளே பளிங்கு போலப் பனிக்கட்டி. அதை உருக்கிக் கைக்குழந்தைகள் இருந்த வீடுகளுக்குக் கொடுத்தோம். பிறகு கிண்ணத்தைக் கழுவித் துடைத்துப் பொதுச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கொண்டுபோய்க் கல்லுமேல வச்சிரு. அவங்க பொருளை அவங்களுக்கே வைக்கிறது கொடுக்கிறதுல சேராது. ஆனா உள்ள ஒண்ணும் வைக்காத. அது சேரும்," என்றார் என் கணவர்.

"தண்ணி கொடுத்தவங்க கிண்ணத்தை வெறுங்கிண்ணமா வைக்கச் சொல்றீங்களா?"

"சட்டம் அப்படித்தானே இருக்கு."

"சட்டம் எழுதினவனுக்குப் பக்கத்து வீடு இருந்திருக்காது. எனக்குக் கை வராதுங்க."

ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டேன். போட்டது நான். தவமணி சிரித்தாள். வேறு யாரும் தடுக்கவில்லை. இன்னொரு ஊர்க்காரர்களாக இருந்தால் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். எங்களால் முடியவில்லை.

நான்கு நாள் கழித்துக் கிண்ணம் திரும்பி வந்தது. உள்ளே நீலநிறக் குருணை. காற்று வடிகட்டியில் அதைப் போட்டுப் பார்த்தது தவமணிதான். குழந்தைகளின் இருமல் ஒரு வாரத்தில் நின்றது. அதற்குச் சர்க்கரையா ஈடு? பொரித்த பாசி வடகம் வைத்தோம். அடுத்த முறை குருணை இரண்டு மடங்காக வந்தது. இப்படி ஆறு முறை ஆயிற்று. இடியாப்பம் ஏழாவது.

அன்று பனித்தரை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. கல்லின்மேல் கிண்ணம் நிற்காது என்று தோன்றியது. எதிர்ப்பக்கம் அவர்களில் ஒருவர் காத்திருந்தார். கற்களைத் தாண்டிப் போய்க் கொடுத்துவிடலாம் என்று நடந்தேன். முந்நூறு நானூறு அடி போயிருப்பேன். என் நிழல் திடீரென்று எனக்கு முன்னால் நீளமாக விழுந்தது. சத்தமே இல்லை. அங்கே சத்தத்தைச் சுமக்கிற அளவுக்குக் காற்றுக்குக் கனம் கிடையாது. திரும்பிப் பார்த்தபோது கூரை இல்லை. கூரை இருந்த இடத்தில் பனி கொதித்துக்கொண்டிருந்தது.

நாற்பத்தொரு நாள் மறுகரையார் என்னை உயிரோடு வைத்திருந்தார்கள். அதைப் பற்றி வேறோர் இடத்தில் எழுத வேண்டும். பழைய இரும்பு பொறுக்க வந்த ஒரு கப்பல் என்னை ஏற்றிக்கொண்டது. கப்பல்காரர், இறந்துபோன தன் தம்பி மனைவியின் அடையாள அட்டையை எனக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் குணசுந்தரி. மூன்றாம் வளைய நகரத்தில் பொதுப் படிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பத்தொன்பது வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அரசுக்குப் பயந்து மட்டுமல்ல. ஒரு கைப்பிடி சர்க்கரையைப் போட்டது நான் என்பது எனக்குத் தெரியும்.

பிறகு பேரரசர் இறந்தார். ஆட்சி ஒரு மன்றத்தின் கைக்கு வந்தது. எல்லைச் சட்டம் அர்த்தமுள்ளதுதானா என்று விசாரிக்கப்போகிறார்கள், மூடப்பட்ட குடியேற்றங்களில் யாராவது உயிரோடிருந்தால் வந்து சொல்லலாம், தண்டனை கிடையாது என்று அறிவித்தார்கள். 'மூடுவது' என்பதுதான் எங்களுக்கு நடந்ததற்கு அவர்கள் வைத்திருந்த பெயர். சொல்லிவிட்டு வந்தால் தூக்கம் வரும் என்று நினைத்துப் போனேன்.

விசாரணை அலுவலரின் பெயர் மாசிலாமணி. என் வயதுதான் இருக்கும். சுங்க அலுவலகமாக இருந்த அறையில், ஒரு பதிவு யந்திரத்தையும் ஒரு பிளாஸ்க் தேநீரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டாந்துரவு என்று நான் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்கம்மா?"

"ஒரு வேலையா வெளியே போயிருந்தேன்."

"எந்தப் பக்கம்?"

"முதல்ல நான் ஒண்ணு கேட்கிறேன் சார். அந்தச் சட்டம் எதுக்கு? மறுகரையார் எங்களை ஒண்ணும் பண்ணலையே."

அவர் தேநீரை இரண்டு குவளையில் ஊற்றினார். "மணற்குடின்னு ஒரு நகரம் இருந்தது. நாம சின்னப் பிள்ளைகளா இருக்கும்போது. அங்கயும் இதே உயிர்கள். இவங்க எது கொடுத்தாலும் அவங்க கூடுதலாத் திருப்பிக் கொடுத்தாங்க. மூணே வருசம். ஜனங்க ஒரு கரண்டியைக் கொடுத்து ஒரு பாளம் வாங்கினாங்க. பாளத்தைக் கொடுத்து வேறெதையோ வாங்கினாங்க. கடைசியா அவங்ககிட்ட இருந்ததிலேயே பெரிசு எதுவோ அதைக் கொண்டாந்து ஊர் நடுவுல வச்சாங்க. அது என்னன்னு இன்னும் தெரியாது. நாலு லட்சம் பேர் ஒரே மத்தியானத்துல போயிட்டாங்க. அதுல பகை எதுவும் இல்லம்மா. அவங்களுக்கு நிறுத்தத் தெரியல. நமக்கும் தெரியல."

"இதைப் பலகையில எழுதி வச்சிருந்தா நாங்க தொட்டிருப்போமா?"

"நீங்க தொட்டிருக்க மாட்டீங்க. மத்தவன்? ஒண்ணு கொடுத்தா ரெண்டு கிடைக்கும்னு பலகை வச்சா, அந்த எல்லையில எத்தனை பேர் வரிசையில நிப்பான்?"

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சரி.

"அப்போ எங்க ஊரை மூடினதும் சரிதான் சார்," என்றேன். "நாங்க கொடுத்தோம். ஆறு மாசத்துல ஏழு தடவை. முதல்ல கிண்ணத்துல சர்க்கரை போட்டது நான். வெறுங்கிண்ணமா வைன்னு என் வீட்டுக்காரர் சொன்னார். கேட்கல. இருநூத்திப் பதிமூணு பேரு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சொல்லி முடித்தபின் என் கைகள் என் மடியில் சும்மா கிடந்தன. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசையடியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, பக்கம் புரட்டி, என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"உங்க ஊரை மூடச் சொன்ன உத்தரவு. தேதியைப் பாருங்க."

பார்த்தேன். மாதத்தை விரல்விட்டுக் கணக்குப் போட்டேன். தப்பாகப் போட்டேனோ என்று மறுபடி போட்டேன். அந்தத் தாளில் கையெழுத்து விழுந்தபோது எங்கள் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. கிண்ணம் வர இன்னும் எட்டு மாதம் இருந்தது.

"இது எப்படி?"

"தலைநகரத்துல இருந்து எல்லைக்கு ஒரு சேதி வரப் பதினாலு மாசம். நீங்க தப்பு பண்றீங்கன்னு எல்லையில இருந்து சேதி போகப் பதினாலு, அடின்னு உத்தரவு வரப் பதினாலு. அதுக்குள்ள இன்னொரு மணற்குடி நடந்து முடிஞ்சிரும். அதனால கணிக்கிற யந்திரம் ஒண்ணு வச்சாங்க. எந்த ஊர் எப்போ சட்டத்தை மீறும்னு அது சொல்லும். சொன்ன உடனே உத்தரவு கிளம்பிரும். தப்பு நடக்கிற நேரத்துக்கு அடி போய்ச் சேர்ந்திருக்கணும்ல."

"பண்ணாத தப்புக்கா?"

"பண்ணப்போற தப்புக்கு."

"அடிக்க வந்த கப்பல்காரங்க ஒரு தரம் பார்த்திருக்கலாமே சார். பார்த்துட்டு அப்புறம் சுட்டிருக்கலாமே."

"பார்க்கக் கூடாதுன்னே விதி. பார்த்தவன் சுடமாட்டான்."

நான் தேநீரைக் குடித்தேன். ஆறியிருந்தது. வெறுங்கிண்ணமாக வைத்திருந்தாலும் அது நடந்திருக்கும். என் கணவர் பேச்சைக் கேட்டிருந்தாலும் நடந்திருக்கும். கிண்ணத்தைத் தொடாமலே இருந்திருந்தாலும் அந்தக் காலையில் அந்த வெளிச்சம் வந்திருக்கும். நானும் அடுப்படியில் நின்றுகொண்டிருந்திருப்பேன். இதைப் புரிந்துகொள்ளப் பத்து நிமிடம் ஆயிற்று. பத்தொன்பது வருடம் நெஞ்சில் சுமந்த கல் ஒரே நாளில் இறங்கிவிடாது. ஆனால் அது கல்தான், என் உடம்பின் பாகம் இல்லை என்று அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்தது.

"அம்மா, இன்னொண்ணு இருக்கு," என்றார் அவர். குரல் மாறியிருந்தது. "முப்பத்தோரு ஊரை மூடினாங்க. அந்த யந்திரம் சொன்னது சரியா, தப்பான்னு பார்க்க ஒரு சாட்சிகூட மிச்சம் இல்லை. முதல் ஆள் நீங்கதான். கொடுத்தோம்னு நீங்க சொன்னா, கணிப்பு சரின்னு ஆயிரும். முன்கூட்டி உத்தரவு போடுறது நிலைச்சிரும். மன்றத்துல பாதிப் பேர் அதுக்குத்தான் காத்திருக்காங்க. இன்னும் ஒன்பது ஊர் அந்தப் பட்டியல்ல இருக்கு. அதுக்கு உத்தரவு கிளம்பாம மன்றம் நிறுத்தி வச்சிருக்கு. இந்தப் பதிவு யந்திரத்துல நான் இன்னும் எதையும் பதியல."

என்ன சொல்கிறார் என்று புரிந்தது. கிண்ணமே வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒன்பது ஊர் பிழைக்கும். எனக்கும் நல்லது. பத்தொன்பது வருடமாக யாரும் கேட்காத பொய்யை இப்போது கேட்டு நிற்கிறார்கள்.

"யந்திரம் எதை வச்சுச் சார் எங்களைக் கணிச்சுது?"

அவர் தயங்கிவிட்டுக் கோப்பின் பின்பக்கம் போனார். குடியேறும்போது எங்களிடம் எடுத்த விவரங்கள் அதில் இருந்தன. என்ன சாப்பிடுவோம், எப்படிப் புதைப்போம், எந்த நாளில் வேலை செய்யமாட்டோம் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தது. அயலாரின் பாத்திரத்தை இவர்கள் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை.

அதை இரண்டு முறை படித்தேன். கோபம் வந்தது. அன்று எனக்கு வந்த முதல் கோபம். சுத்தமாக, இதமாகக்கூட இருந்தது. அதுவரை என்மேல் மட்டுமே கோபப்பட்டுப் பழகியிருந்தேன்.

"குடிவைக்கும்போதே இது தெரிஞ்சிருந்ததா?"

"ஆமாம்மா."

"தெரிஞ்சும் அப்படிப்பட்ட ஆளுங்க பக்கத்துல எங்களை ஏன் சார் குடிவச்சாங்க?"

அவர் கோப்பைப் பார்த்தார். "பனிக்குள்ள துளை போடத் தெரிஞ்சவங்க நீங்கதான். அங்க தண்ணி இருந்தது."

"அவ்வளவுதானா?"

"கோப்புல அவ்வளவுதான் இருக்கு."

"சரி, பதிவு யந்திரத்தைப் போடுங்க. கொடுத்தோம்னு சொல்றேன். ஏழு தடவையும் என்னென்ன வச்சோம்னு சொல்றேன். உங்க யந்திரம் எங்களை நல்லாத் தெரிஞ்சு வச்சிருந்ததுன்னும் சொல்றேன். அவ்வளவு தெரிஞ்சவங்க எங்களை வேற ஆத்தங்கரையில விட்டிருந்தா இருநூத்திப் பதிமூணு பேரும் இருந்திருப்பாங்கல்ல, அதைக் கேட்டுச் சொல்லுங்க. சட்டத்துக்கு அர்த்தம் இருக்கு சார். மறைச்சதுக்கும் அர்த்தம் இருக்கு. முன்கூட்டி அடிச்சதுக்குக்கூட நீங்க ஒரு கணக்குச் சொல்லிட்டீங்க. எங்களை அங்க கொண்டுபோய் வச்சதுக்கு ஒரு அர்த்தம் சொல்லச் சொல்லுங்க. மன்றத்துல பாதிப் பேர் காத்திருக்காங்கன்னீங்களே, அவங்களையே சொல்லச் சொல்லுங்க."

யந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் மூன்றாம் முறை என்ன வைத்தோம் என்பதில் மட்டும் குழம்பினேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

முடிந்ததும் விளக்கை அணைத்தார். எழுந்திருக்கவில்லை.

"முதல்ல கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. அன்னைக்கு எந்தப் பக்கம் போயிருந்தீங்க?"

"கல்லைத் தாண்டி, மறுகரைக்கு. இடியாப்பத்தோட."

"எவ்வளவு தூரம்?"

"முந்நூறு அடி, நானூறு அடி இருக்கும். ஏன் சார்?"

அவர் இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தார். "உங்க ஊரை மூட வந்த கப்பல்ல நான் இருந்தேன்மா. உடம்புச் சூடு பார்க்கிற திரை முன்னாடி. எத்தனை உயிர், எங்கெங்கன்னு எண்ணிச் சொல்ற வேலை."

அறையில் யாரோ கதவைச் சாத்தியது போல இருந்தது. யாரும் சாத்தவில்லை.

"பார்க்கக் கூடாதுன்னு சொன்னீங்களே."

"முகத்தைப் பார்க்கக் கூடாது. புள்ளியைப் பார்க்கலாம்."

"எண்ணிச் சொன்னீங்களா?"

"சொன்னேன். கூரைக்குள்ள எல்லாத்தையும் சொன்னேன். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளி நடந்து போயிட்டு இருந்தது. அதையும் சொல்லணும். சொன்னா அதையும் அடிப்பாங்க. பாறைச் சூடுன்னு எழுதிட்டேன். பாறை நடக்குமா? பத்தொன்பது வருசமா அது ஆளா, அவங்கள்ல ஒருத்தரா, திரையில விழுந்த தூசியான்னு தெரியாமலே இருக்கேன். இந்த வேலையை நான் கேட்டு வாங்கினதே அதுக்குத்தான்."

அருமைநாதனின் புள்ளியையும் தவமணியின் புள்ளியையும் எண்ணிச் சொன்னவர். என்னை மட்டும் எண்ணாமல் விட்டவர். இரண்டும் ஒரே ஆள், ஒரே கை. நான் அவரை மன்னிக்கவில்லை. அது என் ஒருத்தியின் உரிமையும் அல்ல. ஆனால் அவரைத் தொங்கவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. தெரியாமலே கிடப்பது எப்படியென்று எனக்குத் தெரியும்.

"தூசி இல்ல சார். நான்தான்."

அவர் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு மூச்சை விட்டார். அத்தனை பெரிய மூச்சு ஒரு மனிதருக்குள் இத்தனை காலம் எங்கே இருந்தது என்று நினைத்தேன். என் மூச்சும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

"இன்னொரு டீ ஊத்துங்க, ஆறிப்போச்சு," என்றேன்.

"பிளாஸ்க்லயும் ஆறியிருக்கும்மா."

"பரவால்ல."

இதெல்லாம் நடந்து நான்கு ஆண்டாகிறது. மன்றம் எட்டு மாதம் வாதாடியது. மணற்குடியில் பெற்றோரை இழந்த ஓர் உறுப்பினர் சட்டம் இருந்தே தீரவேண்டும் என்றார். அவரை என்னால் குறைசொல்ல முடியவில்லை. நான் கேட்ட கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாததாலேயே முன்கூட்டிய உத்தரவு முறையை எடுத்துவிட்டார்கள். பட்டியலிலிருந்த ஒன்பது ஊர்களின் மக்களை வேறிடங்களுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் ஐந்தாவது ஊரின் கப்பல் எங்கள் வளையத்தில் நின்று போனது. படிப்பறையைச் சாத்திவிட்டு, போய் நின்று பார்த்தேன். ஜன்னலோரம் ஒரு பெண் தன் அம்மாவிடம் எதற்கோ திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். இப்போது தூக்கமும் வருகிறது. கொடுக்காதே, வாங்காதே என்ற விதி அப்படியே இருக்கிறது. பலகையில் இப்போது காரணத்தையும் எழுதுகிறார்கள். வரிசையில் நிற்கிறவன் நிற்கட்டும், மற்றவர்களுக்காவது தெரியட்டும் என்று முடிவு செய்தார்களாம்.

அன்று சாட்சியத்தின் அடியில் பெயர் போட வேண்டியிருந்தது. குணசுந்தரி என்று எழுதப்போன மாசிலாமணியைத் தடுத்து, என் சொந்தப் பெயரைச் சொன்னேன். மரகதம் அருமைநாதன், எட்டாந்துரவு. பத்தொன்பது வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் பெயரைத் தட்டினார். யந்திரம் ஏற்கவில்லை. மறுபடி தட்டினார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இறந்தவங்க சாட்சி சொல்ல முடியாதாம்மா."

"உங்க கணக்குல நான் பாறைதானே சார்."

இருவரும் சிரித்துவிட்டோம். சிரிக்கலாமா என்று பிறகுதான் யோசித்தேன். மூடப்பட்ட ஊரின் பதிவேட்டைத் திறக்க விதியில் இடமில்லையாம். திருத்த மனுப்போடுகிறேன் என்றார், போட்டார். போன மாதம் பதில் வந்தது. எட்டாந்துரவின் பதிவேட்டில் இறந்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர்.